ஏழாம் நம்பர் கம்பம்

எங்க ஊர்ல மொத்தம் மூணே மூணு கார் இருந்த காலத்துல, கார்ல உக்காந்துக்கிட்டே படம் பாக்கற கொட்டாய் கட்டினவரு எங்க ராசப்பண்ணனுங்க. மூணு கார்ல ஒண்ணு டாக்டரோடது, ஒண்ணு மில்லு மொதலாளியோடது, அது எப்பவும் ரிப்பேர்ல நிக்கும், மூணாவது ராசப்பண்ணனோடதே. எவனோ குடுத்த வெளிநாட்டுக் காலண்டர்ல, வெள்ளைச் செவுத்துக்கு முன்னால வரிசையா காருங்க நின்னு படம் பாக்கற போட்டோ இருந்துச்சாம், அதைப் பாத்ததுல இருந்து மனுசன் சோறு தண்ணி எடுக்கலை. "கார் எங்கீங்கண்ணா நம்மூர்ல?"ன்னு நாந்தான் கேட்டேன். "கார் இல்லாட்டி என்னடா வையாபுரி, லாரி இருக்குதுல்ல"ன்னாரு.

லாரி இருந்துச்சுங்க, இல்லீங்கறதுக்கில்ல. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவால கருங்கல்மேடுன்னு பேரு எங்கூருக்கு, கொள்ளு வெதைச்சாக்கூட மொளைக்காத பூமி, மழையை நம்பி ஏமாந்தவங்க எல்லாரும் ஸ்டேரிங்கைப் பிடிச்சுட்டாங்க, வீட்டுக்கு ஒரு லாரி, சில வீட்ல ரெண்டு, ஆம்பளைங்க எல்லாம் அசாம் பீகார்னு பதினஞ்சு நாளு இருவது நாளு போயிருவோம், ஊர்ல பொம்பளைங்களும் கோழியுந்தான். அந்த ஊர்லதான் அண்ணன் சேலம் ரோட்டோரம் எட்டு ஏக்கர் சுண்ணாம்புக்கல் காட்டை வாங்கி, அறுபதடி அகலத்துக்கு ஒரு செவுரு எழுப்பி, மூணு தடவை வெள்ளையடிச்சு, மண்ணைக் கரை கரையா ஒதுக்கி, முன் சக்கரம் கரைமேல ஏறி லாரி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கற மாதிரி செஞ்சு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு நம்பர் எழுதி, கம்பத்துல சத்தம் வர்ற பொட்டியக் கட்டி விட்டாரு. போர்டுல டிரைவ்-இன்னுன்னு எழுதியிருந்தாரு. நாங்க லாரிக் கொட்டாய்னோம்.

பொழுது எறங்கினா போதும், ஊரே லாரியில ஏறிரும். பின்னாடி சோளத்தட்டைப் பரப்பி அதுமேல சமுக்காளம் போட்டு, புள்ளைங்க ஒருபக்கம், கெழடுங்க ஒருபக்கம், புதுசாக் கட்டிக்கிட்டதுங்க கேபினுக்கு மேல. பஞ்சு லோடு ஏத்தின வண்டி வந்தா அடிச்சுக்குவாங்க, மூட்டைமேல சாஞ்சுக்கலாம்னு. ஒருக்கா எங்க பங்காளி ஒருத்தன் ஆட்டு லோட்டோட வந்துட்டான், நாப்பது ஆடும் சண்டைக் காட்சி முடியற வரைக்கும் கத்துச்சு, டிக்கெட்டுக்குப் பாதிக் காசு திருப்பிக் குடுன்னு ஊரே கேட்டுச்சு. பத்து வருசம் அப்படி ஓடுச்சுங்க. பதினோராவது வருசந்தான் செவுரு எங்களைப் பாக்க ஆரம்பிச்சுச்சு.

இடைவேளை விட்டு மிசின் வெளிச்சத்தை அணைச்சிருக்கறாங்க. குப்பண்ணன் வண்டி மொத வரிசையில ஏழாம் நம்பர் கம்பத்துல நிக்குது. செவுத்துல ரோடு வருதுங்க. நாக்பூர் தாண்டி ஒரு மேட்டு ரோடு, ரெண்டுபக்கமும் புளியமரம், மழை பெஞ்சு ஓஞ்சு வானம் வெட்டாப்பு உட்ட நேரம். அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடை, கயித்துக் கட்டிலு, குப்பண்ணனே வண்டிக்கு முன்னால நடந்துபோயி மூஞ்சி கழுவறாரு, பாதி ரொட்டியப் பிச்சு ஒரு நாய்க்குப் போடறாரு. கேபினுக்கு மேல உக்காந்திருந்த அவரு சம்சாரம் முறுக்கைக் கடிச்சுக்கிட்டே, "எளைச்சுத்தான் போயிட்டாரு"ன்னுச்சு. அத்தோட சரி. மணி அடிச்சுச்சு, வெளிச்சம் வந்துச்சு, மிச்சப் படம் ஓடுச்சு.

யாரும் பதறலைங்க. ஏன் வருதுன்னு ராசப்பண்ணன்கூடக் கேக்கலை. ஏழாம் நம்பர்ல எந்த வண்டி நிக்குதோ, அந்த வண்டி எதை மறக்க முடியாம வெச்சிருக்குதோ அதை இடைவேளையில செவுரு காட்டும், நெல்லைப் போட்டா அரிசி வர்ற மாதிரி அது பாட்டுக்குக் காட்டும், இதுல ரோசனை பண்ண என்ன இருக்குதுன்னு விட்டுட்டாங்க. முன் கண்ணாடி பாத்தது செவுத்துல வரும், அவ்வளவுதான். பொம்பளைங்களுக்குத்தான் கொண்டாட்டம். இருவது வருசமா "பீகாருக்குப் போறேன், அசாமுக்குப் போறேன்"னு சொல்லிட்டுப் போறவன் எந்த மரத்தடியில தூங்கறான், எந்தக் கொளத்துல குளிக்கறான்னு அன்னைக்குத்தானே பாத்தாங்க. பிரம்மபுத்ரா ஆத்தைப் பாத்துட்டு என் சம்சாரம் செல்லாயி மூணு நாளு என்கூடப் பேசலை. "இத்தனை பெரிய தண்ணியத் தாண்டிப் போறீங்க, ஒரு வார்த்தை சொன்னதில்ல"ன்னு ஒரே அழுகை.

அப்புறம் அதுவே ஊரு வழக்கமாயிருச்சுங்க. மாப்பிள்ளை பாக்கறதுன்னா பொண்ணு வீட்டுக்காரங்க ஜாதகத்தை மடியில வெச்சுக்கிட்டு, "பையன் வண்டிய ஏழாம் நம்பர்ல நிறுத்தச் சொல்லுங்க, ஒரு இடைவேளை பாத்துக்கறோம்"னுவாங்க. நாயை எத்தி விட்டான்னு ஒருத்தனுக்குப் பொண்ணு போச்சு. ரோட்டைத் தாண்டின ஆமைக்காக இருவது டன் லோடு வண்டிய நிறுத்தினான்னு, குள்ளமா மாறுகண்ணோட இருந்த ஒருத்தனுக்கு மூணு எடத்துல இருந்து கேட்டு வந்தாங்க. ராசப்பண்ணன் ஏழாம் நம்பருக்குத் தனியா டிக்கெட்டு போட்டாரு, அதுக்கும் ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி வெக்கோணும்.

கெட்டுப்போனதும் அதுலதானுங்க. சின்னப்பன் வண்டி அங்க நின்ன அன்னைக்குச் செவுத்துல நெல்லூர்ல ஒரு சந்து வந்துச்சு, ஒரு பச்சைக் கதவு வந்துச்சு, கதவைத் தொறந்துக்கிட்டு ஒரு பொம்பளை இடுப்புல கொழந்தையோட வந்தா, கொழந்தைக்குச் சின்னப்பன் மூக்கு. அவன் சம்சாரம் வண்டிய விட்டு எறங்கி, சாவியப் புடுங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்தே போயிருச்சு. மக்காநாளு ஏழாம் நம்பர்ல நிக்க ஆளில்ல. அடுத்த மாசம் மொத வரிசையில ஆளில்ல. செவுரு ஏழாம் நம்பரை மட்டுந்தான் பாக்கும்னு எங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒரு பயம். தொண்ணூறு வண்டி நின்ன காட்டுல முப்பது நின்னுச்சு, அப்புறம் பதினஞ்சு நின்னுச்சு. வீட்டுக்கு வீடு டிவி வந்துதான் கொட்டாய் படுத்துச்சுன்னு இன்னைக்கும் எங்க ஆளுங்க சொல்லுவாங்க. பொய்யிங்க. டிவி வந்தப்ப கொட்டாய்க்கு ஏற்கெனவே மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு.

அந்தச் சமயத்துலதான் அத்தப்பன் செத்தான். பைபாஸ் திருப்பத்துல பஞ்சர் கடை வெச்சிருந்தவன், எங்க எல்லா வண்டிக்கும் ஒட்டுப் போட்டவன். ஒரு வெள்ளிக்கெழமை பொழுது எறங்கற நேரம், கடையச் சாத்திட்டு டியூபைத் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்து போனவனை எதோ வண்டி அடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. வெடியால பால் வண்டிக்காரன்தான் பாத்தான். நான் அடிக்கலைங்க. அதை இப்பவே சொல்லிடறேன்.

அவன் சம்சாரம் பாவாயி கருமாதி முடிஞ்ச மூணாம் நாளு கடையத் தொறந்து அவளே ஒட்டுப் போட உக்காந்துட்டா. எந்த வண்டிக்கு எந்த டயர், எந்த டயர்ல எத்தனை ஒட்டுன்னு அவளுக்கு மனப்பாடம். அந்த வெள்ளிக்கெழமை பொழுதோட லோடு ஏத்திக்கிட்டு அந்தத் திருப்பத்துல போன எங்கூரு வண்டி நாப்பத்தி மூணுன்னு கணக்கெடுத்தா. லாரி ஓனருங்க சங்கத்துக்கு வந்து வாசப்படியில நின்னா.

"ஏனுங்க, எனக்குப் பணங்காசு வேண்டாம், கேசு வேண்டாம். நாப்பத்தி மூணு வண்டியும் ஏழாம் நம்பர்ல நிக்கோணும். எங்கூட்டுக்காரரு எப்படிச் செத்தாருன்னு நான் பாக்கோணும்"னா.

ஒருத்தனும் நிமுந்து பாக்கலை. கடைசியில தலைவரு, "சரி அம்மிணி, எல்லா வண்டியும் டிரிப்பு முடிஞ்சு வரட்டும், அமாவாசை கழிச்சு வெச்சுக்கலாம்"னு சொல்லி அனுப்பினாரு. முடியாதுன்னு சொல்ல முடியுங்களா? சொன்னா நீதான் அடிச்சியான்னு கேப்பாங்க.

அந்த ஒரு மாசம் ஊர்ல இருந்த வேக்காடு இருக்குதே, சொல்லி மாளாது. மொதல்ல எவன் ஆரம்பிச்சான்னு தெரியலை, சேலத்துல கண்ணாடிக் கடையில ஒரு வண்டி நின்னுச்சாம், முன் கண்ணாடிய மாத்தறதுக்கு. மக்காநாளு நாலு வண்டி. ஒரே வாரத்துல கடைக்காரன் சரக்கு தீந்துபோயி மெட்ராசுக்கு ஆள் அனுப்பறான். நாப்பத்தி மூணு வண்டி மட்டுமில்லீங்க, அன்னைக்கு ஊர்லயே இல்லாத வண்டியும் மாத்துச்சு, ஏழு வருசமா செட்டுல துருப்பிடிச்சு நிக்கற வண்டியும் மாத்துச்சு, ராசப்பண்ணனோட காரும் மாத்துச்சு. ஒருத்தனை ஒருத்தன் ரோட்ல பாத்தா, "கல்லு தெறிச்சு விரிசல் உட்டுருச்சு"ன்னு கேக்காமயே சொல்லுவோம். எத்தனை கல்லுங்க தெறிக்கும் ஒரு மாசத்துல? பழைய கண்ணாடிய எல்லாம் ஒடைச்சு ஏரிப் பள்ளத்துல கொட்டினோம். நானும் மாத்தினேன். செல்லாயி கேட்டா, "நல்லாத்தானே இருந்துச்சு?" நானும் கல்லுன்னேன்.

அமாவாசை கழிஞ்சு மூணு நாளு, பொழுது எறங்கினதுல இருந்து ஒம்பது மணி வரைக்கும். ராசப்பண்ணன் படமே போடலை. வெறும் வெளிச்சத்தைப் போட்டு, மணி அடிச்சு, இடைவேளைன்னு அணைப்பாரு, அடுத்த வண்டி வந்தா மறுபடி போட்டு மறுபடி அணைப்பாரு. இடைவேளை மட்டுமே ஓடின கொட்டாய் ஒலகத்துலயே அதுதான் இருக்கும். பாவாயி ஏழாம் நம்பர் கம்பத்தடியில ஒரு பழைய டயரைப் போட்டு அதுமேல உக்காந்திருந்தா. ஒவ்வொரு வண்டியா வருது, புதுக் கண்ணாடி பளபளன்னு, சந்தனம் குங்குமம் வெச்சு. செவுரு வெள்ளையா இருக்குது. ஒண்ணு ரெண்டு வண்டிக்கு நாலு நாளைக்கு முந்தின ரோடு வருது, மாட்டுச் சந்தை வருது, வேற ஒண்ணும் வரலை. நாப்பத்தி மூணும் முடிஞ்சப்ப எங்களுக்கு நெஞ்சுல இருந்த பாரம் எறங்கிருச்சு. சிரிப்புக்கூட வந்துச்சு சில பேருக்கு.

பாவாயி எந்திரிச்சு மண்ணைத் தட்டி விட்டா. "நாளைக்கு ஒரே ஒரு பொழுது வாங்க. வண்டியத் திருப்பி, பின்பக்கம் செவுத்தைப் பாத்த மாதிரி நிறுத்துங்க. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்"னா.

பின்னாடி என்ன இருக்குது? பலகை, சங்கிலி, ஹாரன் அடிங்கன்னு எழுதின எழுத்து. புருசன் போன துக்கத்துல புத்தி பெசகிருச்சுன்னு நெனச்சோம். பாவம், அதுக்கு ஆசைப்பட்டா செஞ்சுட்டுப் போலாம்னு ஒத்துக்கிட்டோம். நாங்க கண்ணாடின்னு சொன்னா முன் கண்ணாடிதானுங்க. சைடுல முட்டிக்கிட்டு நிக்கற அந்தச் சின்னக் கண்ணாடிய மூஞ்சி செரைக்கவும் தலை சீவவுந்தான் வெச்சிருந்தோம், அதையும் ஒரு கண்ணாடின்னு எங்க நாப்பத்தி மூணு பேத்துல ஒருத்தனும் நெனைக்கலை. ஆனா பின்சக்கரத்துக்கிட்டக் குந்தி ஒட்டுப் போடறவங்களுக்கு டிரைவரு மூஞ்சி எப்பவும் அதுலதான் தெரியும். பாவாயி ஒரு மாசமா அதைத்தான் பாத்துட்டிருந்திருக்கறா.

மொத வண்டி குப்பண்ணனோடது. ரிவர்ஸ்ல வந்து நின்னுச்சு. வெளிச்சம் அணைஞ்சுச்சு. செவுத்துல ரோடு வந்துச்சு, ஆனா எங்களை விட்டு வெலகிப் போற ரோடு. வானம் இன்னும் செவப்பா இருக்குது. பைபாஸ் திருப்பம். ரோட்டோரத்துல அத்தப்பன் கெடக்கறான், உசுரோட, ஒரு கைய ஊனிக்கிட்டு இன்னொரு கையத் தூக்கி ஆட்டறான். ஆட்டிக்கிட்டே சின்னதாப் போயிட்டான்.

குப்பண்ணன் வண்டிக்குள்ள இருந்தே, "நான் அடிக்கலை, நான் வர்றப்பவே கெடந்தான்"னு சொன்னாரு. நெசந்தான். அன்னைக்குக் கடைசி வரைக்கும் பாத்துட்டோம், ஒரு கண்ணாடியிலயும் அவன் அடிபட்டு விழுகறது வரலை, அவனை அடிச்சது எங்கூரு வண்டியே இல்லீங்க. எதோ வெளியூரு வண்டி, அடிச்சுட்டுப் போயிருச்சு. எங்கூரு வண்டிங்க எல்லாம் அதுக்கப்புறந்தான் வந்துச்சு.

அடுத்து நின்ன மூணு வண்டிக்கும் ஒண்ணும் வரலை, அதுங்க வெளியூரு வண்டிக்கும் முன்னாடியே அந்தத் திருப்பத்தைத் தாண்டினதுங்க. அஞ்சாவது வண்டிக்கு மறுபடி அத்தப்பன் வந்தான். வானம் கொஞ்சம் மங்கியிருக்குது, கையத் தூக்கறான். அப்பத்தான் வரிசையில நின்ன வண்டிங்க ஒண்ணொண்ணா ஸ்டார்ட் ஆச்சு, எனக்கு அவசரமா லோடு இருக்குது, எனக்கு ஒடம்பு செரியில்லன்னு கேட்டைப் பாத்துத் திருப்பினாங்க. போக முடியலை. எங்க ஊட்டுப் பொம்பளைங்க கேட்டுக்குக் குறுக்கால மண்ணுல உக்காந்துட்டாங்க, குப்பண்ணன் சம்சாரம் மொத ஆளா. "போறதுன்னா எங்கமேல ஏத்திட்டுப் போங்க. அதான் பழகியிருக்குமே"ன்னுச்சு. செல்லாயியும் அங்கதான் உக்காந்திருந்தா, என்னைப் பாத்து, "நீங்க பயப்படாம நிறுத்துங்க, உங்களுக்கென்ன"ன்னா.

ஒவ்வொண்ணா நின்னுச்சு. சில வண்டிக்குச் செவுரு வெள்ளையா இருக்கும், மிச்சத்துக்கு அத்தப்பன் வருவான். அன்னைக்கு ஒன்பதாவதா அவனைத் தாண்டின வண்டிக்கு அவன் கை தோளு வரைக்குந்தான் எந்திரிச்சுச்சு. பன்னெண்டாவதாத் தாண்டின வண்டிக்குக் கையத் தூக்கலை, ஒவ்வொரு வண்டியாத் தலையத் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தான். ஒவ்வொரு டிரைவரும் எறங்கி மூஞ்சியப் பொத்திக்கிட்டு மண்ணுல உக்காந்தான். நான் ஒருத்தன்தான் தாண்டிப் போயிட்டேன், மத்தவன் எவனா இருந்தாலும் நின்னிருப்பான்னு ஒவ்வொருத்தனும் ஒரு மாசமாப் புழுங்கிச் செத்திருக்கறோம். பதினாறு வண்டிங்க. பாவாயி ஒரு தடவைகூட அழுகலை. செத்தவனை உசுரோட பாக்கறா பாருங்க, கண்ணைச் சிமிட்டாமப் பாத்தா.

பதினேழாவதாத் தாண்டின வண்டி என்னுது.

நாப்பத்தி மூணுல கடைசியா நின்னதும் என்னுதுதான். அதுக்கப்புறம் அந்தச் செவுத்துக்கு முன்னால எந்த லாரியும் நின்னதில்லீங்க. ராசப்பண்ணன் மக்காநாளே மிசினைக் கழட்டி வித்துட்டாரு, காட்டை எவனோ சிமெண்டு கொடோனுக்கு வாங்கினான். நிக்காமப் போனவங்க கொட்டாய்னு பக்கத்து ஊர்க்காரங்க பேரு வெச்சாங்க. வெக்கட்டும்.

வண்டிய ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன். கம்பத்துல இடிக்கலை. அண்ணன் வெளிச்சத்தை அணைச்சாரு. வானம் இருட்டிப் போச்சு, அத்தப்பன் தலை மண்ணுல கெடக்குது, கண்ணு மூடியிருக்குது. திடுக்குனு அவன் மூஞ்சில செவப்பு வெளிச்சம் அடிச்சுச்சு. என் பிரேக் லைட்டுங்க. நான் நின்னேன்.

அவன் கண்ணைத் தொறந்தான். என் வண்டி நம்பரைப் பாத்தான். அன்னைக்கு மத்தியானந்தான் என் பின் டயருக்கு ஒட்டுப் போட்டான், "காசை அப்புறம் குடுங்கண்ணா"ன்னு சொல்லியிருந்தான். அடையாளம் தெரிஞ்சு சிரிச்சான். மெல்ல மொழங்கைய ஊனி எந்திரிச்சு உக்காந்தான், உக்காந்து சட்டையக் கீழ இழுத்து உட்டுக்கிட்டான், வீட்டுக்கு யாரோ வர்றாங்கன்னா நாம சரி பண்ணிக்குவமில்ல, அப்படி.

நாலு நிமிசம் நின்னேன். ஊரே எண்ணிருச்சு. அந்த நாலு நிமிசமும் நான் கண்ணாடியில அவனைப் பாத்துக்கிட்டே என்ன நெனச்சேன்னா, நின்னவன் தலையிலதான் கட்டுவாங்க, இடிச்சவன் போயிருவான், தூக்கிட்டுப் போறவனைத்தான் ஸ்டேசன்ல உக்கார வெப்பாங்க, வண்டியப் பிடிச்சு வெப்பாங்க, எல்லா டிரைவருக்கும் மொத நாளு ஸ்டேரிங் பிடிக்கறப்பவே சொல்லித் தர்றது இது. அதைத்தான் நெனச்சேன்.

பாவாயி டயரை விட்டு எந்திரிச்சு என் கதவுக்கிட்ட வந்தா. செவுத்தைப் பாத்துக்கிட்டேதான் பேசினா.

"ஏனுங்கண்ணா, நீங்க நின்னிருக்கறீங்க."

"நின்னேன் பாவாயி."

"மூஞ்சியப் பாருங்க. எத்தனை சந்தோசமா இருக்கறாரு"ன்னா.

கேட்டுக்கிட்ட செல்லாயி எந்திரிச்சு நின்னுட்டா. என் கை சாவிமேல இருக்குது. வண்டி கம்பத்தை விட்டு ரெண்டடி நகுந்தாப் போதும், செவுரு வெள்ளையாயிரும், அடுத்து நான் என்ன பண்ணினேன்னு யாரும் பாக்கமாட்டாங்க. நின்னவன்னு பேராவது எனக்கு மிஞ்சும். ஆனா நகுந்தா அத்தப்பனும் போயிருவான், அவளுக்கு இருக்கறது அந்த மூஞ்சி ஒண்ணுதான், இன்னும் எத்தனை நொடி இருக்குதோ அத்தனை நொடி. செல்லாயியப் பாத்தேன். செவுத்தைப் பாத்தேன்.

சாவியில இருந்து கைய எடுத்துட்டேன். இந்தத் தடவை நான் வண்டிய எடுக்கலைங்க. செவுத்துல அவன் மூஞ்சிமேல இருந்த செவப்பு அணைஞ்சுச்சு, ரோடு வெலக ஆரம்பிச்சுச்சு. அவன் சட்டையைப் பிடிச்ச கையோட அப்படியே உக்காந்து, நான் திருப்பத்துல மறையற வரைக்கும் பாத்துட்டிருந்தான். பாவாயியும் பாத்தா.